ஓபி நேரத்திலேயே ஆய்வுத் தகவல் சேகரிப்பது எப்படி: கோபோ டூல்பாக்ஸை வைத்து ஒரு தொடக்கம்

காய்ச்சல் என்று வருகிறவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து மேசையில் வைக்கிறார். உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய மூன்று மாத்திரைத் துண்டுகள். ஒன்றில் பாராசிட்டமால் என்று முழுதாகப் படிக்க முடிகிறது. இன்னொன்றில் ‘500’ என்ற எண் மட்டும் தப்பியிருக்கிறது. மூன்றாவது வெறும் வெள்ளித்தாள். “மெடிக்கல்ல காய்ச்சல்னு சொன்னேன், இதைக் குடுத்தாங்க சார்” என்கிறார்.

பொது மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் இது பழகிய காட்சிதான். ஆனால் இப்படி ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், “நிறைய பேர் இருப்பாங்க” என்பதற்கு மேல் நம்மால் சொல்ல முடிவதில்லை. அந்த ‘நிறைய’ என்பதை ஒரு எண்ணாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளினிக் நடத்தும் மருத்துவர்கள், குடும்ப மருத்துவம் படிப்பவர்கள், அவர்களோடு வேலை செய்யும் சிஸ்டர்கள் ஆகியோரை நினைத்து எழுதுவது இது. கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. வாட்ஸப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

இதெல்லாம் மருத்துவக் கல்லூரிகளின் வேலை, நமக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வது, நோய் முற்றியோ அனுப்பப்பட்டோ போகிறவர்கள்தான். முதல் நாள், இரண்டாம் நாள் காய்ச்சலை நாம்தான் பார்க்கிறோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஐஸ்கார்த் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், சுற்றுக் கிராமங்களில் யாருக்கு எந்தத் தேதியில் நோய் வந்தது, அவர் யாரோடு பழகினார் என்று விடாமல் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் தொற்று மஞ்சள் காமாலை வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்று அவரால் காட்ட முடிந்தது. பின்னாளில் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென்று கல்லூரி அமைந்தபோது அதன் முதல் தலைவராக வந்தவரும் அவரே. அவரிடம் இருந்தது தாளும் பேனாவும்தான். நம் கையில் போன் இருக்கிறது.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்கள் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: “காய்ச்சலோடு எங்கள் கிளினிக்குக்கு முதல் தடவை வரும் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், அதே காய்ச்சலுக்கு ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம்?”

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘காய்ச்சல்’ என்றால் என்ன? நோயாளி சொல்வதா, தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காட்டுவதா? பாராசிட்டமால் போட்டுவிட்டு வருகிறவருக்கு நம் மேசையில் காய்ச்சல் இருக்காது. அதனால் ‘கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்ததாகச் சொல்பவர்’ என்று வைத்துக்கொள்வது இந்தக் கேள்விக்குப் பொருத்தம். ‘முதல் தடவை’ என்பது எதற்கு? மூன்றாம் நாள் திரும்பி வருகிறவரை மறுபடி எண்ணினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார், அதுவும் நாமே எழுதிக் கொடுத்த மாத்திரையோடு. 14 நாட்களுக்குள் அதே காய்ச்சலுக்கு மீண்டும் வந்தால் சேர்ப்பதில்லை என்று இப்போதே எழுதி வையுங்கள். பெரியவர்கள் மட்டும் என்று நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. குழந்தைகளைச் சேர்த்தால் பெற்றோரின் சம்மதத்தோடு, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இசைவும் வேண்டும். முதல் ஆய்விலேயே அத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு உங்களிடம் வருகிறவர்களைப் பற்றி மட்டும்தான் பேசும், ஊரைப் பற்றிப் பேசாது. பிரிட்டனில் மக்கள் ஏதாவது ஒரு பொது மருத்துவரின் பட்டியலில் பதிவு செய்துகொள்கிறார்கள். அதனால் நோய் வந்தவர் எத்தனை என்பதோடு, மொத்தம் எத்தனை பேரில் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1987இல் தொடங்கி இன்று சிபிஆர்டி என்ற பெயரில் இயங்கும், பொது மருத்துவர்களின் நோயாளிப் பதிவுகளைச் சேர்த்த அவர்களுடைய தகவல் தொகுப்பின் பலமே அதுதான். நம் ஊரில் ஒருவர் திங்கட்கிழமை உங்களிடமும் புதன்கிழமை அடுத்த தெரு டாக்டரிடமும் போவார். மொத்தம் எத்தனை பேரில் என்பது நமக்குத் தெரியாது. வருகிறவர்களுக்குள் விகிதம் பார்க்கலாம், அதுவே பெரிய விஷயம்தான்.

எந்த மென்பொருள்?

புதிதாகத் தொடங்கும் தனி கிளினிக்குக்கு என் பரிந்துரை கோபோ டூல்பாக்ஸ். நாமே கேள்விப் படிவம் தயாரித்து, போனில் நிரப்பித் தகவல் சேர்க்க உதவும் மென்பொருள் இது. ஹார்வர்டில் மனிதாபிமானப் பணிகளுக்காக உருவானது. ஓடிகே என்ற இன்னொரு இலவச மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. ஓடிகே 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியில் தொடங்கியது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஆண்ட்ராய்டு போனில் தகவல் நிரப்பி, பிறகு அனுப்ப முடிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மின்சாரமும் நெட்டும் சேர்ந்து போகிற கிளினிக்குக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோபோவின் இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை பதிவுகள் என்று வரம்பு உண்டு. அதைச் சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சிறு ஆய்வுக்கு அது தடையாக இருக்காது.

ரெட்கேப் என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் பிறந்தது. மருத்துவ ஆய்வுக்கென்றே செய்யப்பட்டதால், ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளுக்கு அதுதான் சிறந்தது. ஆனால் அதை நிறுவனங்களுக்குத்தான் தருகிறார்கள், தனி ஆளாகப் போய் வாங்க முடியாது. நீங்கள் ஏதாவது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்தால் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தில் நிரப்பிவிட்டு மாலையில் கணினியில் ஏற்றுவதுதான் உங்களுக்குச் சரிப்படும் என்றால் டென்மார்க்கில் உருவான எபிடேட்டா நல்லது. ஒரே படிவத்தை இரண்டு முறை ஏற்றி, எங்கே வேறுபடுகிறது என்று அது காட்டிவிடும்.

எக்செல் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் பார்க்க எக்செல் நல்லது, தகவல் சேகரிக்க நல்லதல்ல. ஒரு கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுத அது அனுமதிக்கும். 3/4 என்று எழுதினால் ஒரு கணினி ஏப்ரல் 3 என்றும் இன்னொன்று மார்ச் 4 என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு நெடுவரிசையை மட்டும் தனியே அகரவரிசைப்படுத்திவிட்டால் ஒருவருடைய வயது இன்னொருவருக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில், 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அதனால் தாமதமானது. ஒரு நாட்டுக்கே அப்படி நடந்திருக்கிறது.

கிளினிக் பில்லுக்கும் பிரிஸ்கிரிப்ஷனுக்கும் ஏற்கெனவே ஒரு மென்பொருள் வைத்திருந்தால், அதையே ஆய்வுக்கும் வைத்துக்கொள்ளலாமா? அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். உள்ளே போட்ட தகவலை வரிசை வரிசையாக எக்செல்லில் திறக்கும்படி வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை பணம் கட்டி வாங்கிய மென்பொருளில் இரண்டு வருடத் தகவலைக் கேட்டபோது, நோயாளிக்கு ஒரு பிடிஎஃப் வீதம்தான் தந்தார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கிளினிக் எப்படி நடக்கிறது என்று உங்களுக்காக மட்டும் பார்ப்பது வேறு, அதை ஆய்வாக வெளியிடுவது வேறு. வெளியிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதல் நோயாளியைப் பதிவு செய்வதற்கு முன் எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழுவின், ஒப்புதல் வேண்டும். தகவலை எல்லாம் சேர்த்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. சொந்தமாக கமிட்டி இல்லாத மருத்துவர்கள் வேறொரு நிறுவனத்தின் கமிட்டியை அணுக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இடம் தருகின்றன. பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக உதவுவார்கள், கூட்டு ஆய்வாகவும் செய்யலாம்.

விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டியது: தகவல் எங்கே சேமிக்கப்படும், யார் யார் பார்க்க முடியும், எப்போது அழிப்பீர்கள். கோபோவின் பொதுச் சர்வர்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா, வாய்மொழிச் சம்மதம் போதுமா, விலக்கு உண்டா என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும். நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

படிவத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

இங்கேதான் ஆய்வு பிழைப்பதும் சாவதும். என் முதல் படிவத்தில் 41 கேள்விகள் இருந்தன. தொழில், வருமானம், வீட்டில் எத்தனை பேர், குடிநீர் எங்கிருந்து என்று, கேட்டு வைத்தால் எதற்காவது உதவும் என்று சேர்த்துக்கொண்டே போனேன். திங்கட்கிழமை சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். வியாழக்கிழமை அவர் ஓபி முடிந்த பிறகு, நினைவில் இருந்ததை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். வார இறுதியில் பார்த்தால், வெப்பநிலைக் கட்டத்தில் தொடர்ந்து 11 பேருக்கு 100. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாசலில் 30 பேர் உட்கார்ந்திருக்கும்போது 41 கேள்விகள் கேட்கச் சொன்னது நான். அந்த வாரத் தகவல் முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவு இது: ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் படிவம் பெரிது. காய்ச்சல் கேள்விக்கு 12 கட்டங்கள் போதும். ஆய்வு எண், தேதி, வயது, பாலினம், காய்ச்சல் எத்தனை நாளாக, இப்போதைய வெப்பநிலை, வருவதற்கு முன் மருந்து எடுத்தாரா, எங்கே வாங்கினார், என்ன மருந்து, அது நமக்கு எப்படித் தெரியும், நம் நோயறிதல் என்ன, நாம் ஆன்டிபயாடிக் கொடுத்தோமா. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, கடைசியில் போடப்போகும் அட்டவணையில் இது எங்கே வரும் என்று கேளுங்கள். இடம் தெரியவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

இதில் உயிரான கேள்வி, வருவதற்கு முன் மருந்து எடுத்தாரா என்பது. “ஆன்டிபயாடிக் எடுத்தீங்களா?” என்று கேட்டால் பயனில்லை. பெரும்பாலானவர்களுக்கு எது ஆன்டிபயாடிக் என்று தெரியாது, தெரிந்தவர்கள் திட்டு விழும் என்று இல்லை என்பார்கள். எங்கள் சிஸ்டர் கண்டுபிடித்த வாக்கியம் இது: “இந்தக் காய்ச்சலுக்கு இங்க வர்றதுக்கு முன்னாடி மாத்திரை, ஊசி ஏதாச்சும் எடுத்தீங்களாம்மா? மாத்திரை கையில இருக்கா, பாக்கலாமா?” இரண்டாவது பாதிதான் முக்கியம். கவர் வெளியே வந்துவிடும். இந்த வாக்கியத்தை அப்படியே படிவத்தில் எழுதிவிடுங்கள். யார் கேட்டாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

பதில்களையும் அதே கவனத்தோடு யோசியுங்கள். எடுத்தார், எடுக்கவில்லை என்ற இரண்டோடு நிறுத்தினால் அந்த வெள்ளித்தாள் மாத்திரையை எங்கே போடுவது? அதனால் ‘மருந்து எப்படித் தெரியும்’ என்ற கட்டத்துக்கு நான்கு விடைகள் வைத்தோம்: அட்டையைப் பார்த்தோம், சீட்டைப் பார்த்தோம், நோயாளி பெயர் சொன்னார், எடுத்திருக்கிறார் ஆனால் பெயர் தெரியவில்லை. மருந்து எடுத்தாரா என்ற கேள்வியிலும் ‘கேட்கவில்லை’ என்று ஒரு விடை கட்டாயம் இருக்கட்டும். காலியான கட்டத்துக்கு அர்த்தம் கிடையாது. ‘எடுக்கவில்லை’யும் ‘கேட்கவில்லை’யும் ஒன்றாகக் கலந்துவிட்டால் விகிதமே பொய்யாகிவிடும்.

மருந்துப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். அசித்ரோமைசினை எத்தனை விதமாக எழுத முடியும் என்பது தகவலைச் சுத்தம் செய்யும்போதுதான் தெரியும். ஒரு வாரம் வரும் கவர்களை எல்லாம் பார்த்து, உங்கள் ஊரில் புழங்கும் பிராண்டுகளையும் அவற்றின் மூலப்பெயர்களையும் ஒரு தாளில் எழுதி சிஸ்டர் மேசையில் ஒட்டுங்கள். போனில் மூலப்பெயர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். பிறகு ஆன்டிபயாடிக்குகளை வகை பிரிக்க உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் கொண்டுவந்த அவேர் வகைப்பாட்டின்படி பிரிக்கலாம். அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் ‘ஆக்சஸ்’ வகை, அதாவது தேவைப்பட்டால் முதலில் கொடுக்கத் தக்கவை. அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்ஸசின் ‘வாட்ச்’ வகை, அதாவது எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை. இந்தப் பிரிவு வந்தவுடன் உங்கள் அட்டவணைக்குப் புது அர்த்தம் வந்துவிடும்.

நோயறிதலுக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடியின் குறியீடுகள் வேண்டாம். அவை ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொருந்துபவை. உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வோன்காவின் ஐசிபிசி குறியீடுகள் நம் வேலைக்கென்றே செய்யப்பட்டவை. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஏ03, சளிக்கும் தொண்டை வலிக்கும் பொதுவாக ஆர்74 என்று, நோய் இன்னதென்று முடிவாகாத நிலையையும் அது மதிக்கிறது. இரண்டாம் நாள் காய்ச்சலில் ‘காய்ச்சல்’ என்பதே நேர்மையான நோயறிதல். ஆறேழு குறியீடுகளும் ‘மற்றவை’யும் போதும்.

பெயர் எங்கே?

போனில் பெயர் வேண்டாம். போன் நம்பர், ஆதார், தெரு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டில் 001, 002 என்று வரிசையாக எண் போட்டு, எதிரே ஓபி சீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் சீட்டைத் தேடிப் பார்க்க இது உதவும். போன் திருடு போனாலும் சர்வர் உடைக்கப்பட்டாலும் அங்கே இருப்பது வயதும் மாத்திரையும்தான், ஆள் அல்ல. நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இதில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 87 வயது ஆண் என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடுகிற ஊர்கள் உண்டு. அப்படியிருந்தால் அட்டவணை போடும்போது 80க்கு மேற்பட்டவர்களை ஒரே பிரிவாக்கிவிடுங்கள்.

இப்போது கோபோவில் ஏற்றுங்கள்

கணினியில் கோபோ டூல்பாக்ஸ் தளத்துக்குப் போய்க் கணக்கு தொடங்குங்கள். குளோபல் சர்வர், ஐரோப்பிய ஒன்றியச் சர்வர் என்று இரண்டு இருக்கும். எத்திக்ஸ் விண்ணப்பத்தில் எதை எழுதினீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள். ‘நியூ’ பொத்தானை அழுத்தி ‘பில்ட் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ என்பதைத் தேர்ந்தால் வெற்றுப் படிவம் திறக்கும். கூட்டல் குறியை அழுத்தி ஒவ்வொரு கேள்வியாகச் சேருங்கள். கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம், யுனிகோடு என்பதால் சிக்கல் இல்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பல்சக்கரக் குறி இருக்கும். அதற்குள் மூன்று வேலைகள். முதலாவது, ‘டேட்டா காலம் நேம்’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் சிறிய பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கும் மென்பொருளில் நீளமான தமிழ் வாக்கியங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, ‘ஸ்கிப் லாஜிக்’. மருந்து எடுக்கவில்லை என்றால் எங்கே வாங்கினார், என்ன மருந்து என்ற கேள்விகள் வரவே கூடாது. மூன்றாவது, ‘வேலிடேஷன்’. வெப்பநிலைக்கு 95 முதல் 107 வரை, வயதுக்கு 18 முதல் 110 வரை என்று எல்லை போடுங்கள். யாராவது செல்சியஸில் 38.3 என்று போட்டால், இங்கே ஃபாரன்ஹீட் வேண்டும் என்று போனே சொல்லும்படி ஒரு வரி எழுதி வைக்கலாம்.

அப்புறம் படிவத்தின் பொது அமைப்புகளுக்குப் போய், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பயனர் பெயர் ஆகியவை தானாகப் பதிவாகின்றனவா என்று பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பின்னால் மிகவும் கைகொடுக்கும். கடவுச்சொல் இல்லாமல் யாரும் தகவல் அனுப்பக் கூடாது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘டிப்ளாய்’ அழுத்தியவுடன் படிவம் தயார். சிஸ்டரின் மேசைப் போனில் கோபோகலெக்ட் செயலியை இறக்கி, சர்வர் முகவரியும் கணக்கு விவரமும் கொடுத்துப் படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். இது ஆண்ட்ராய்டில்தான் ஓடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதே படிவத்தை பிரவுசரில் திறக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோகிற சொந்தப் போனை விட, கிளினிக்கிலேயே இருக்கும் பழைய போன் ஒன்று நல்லது. திரைக்குப் பூட்டு கட்டாயம். போனில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பத்துப் பேரிடம் ஒத்திகை

ஒரு காலை ஓபியில் பத்துப் பேருக்கு நிரப்பிப் பாருங்கள். இந்தப் பத்தும் ஆய்வில் சேராது. நீங்கள் பக்கத்தில் நின்று எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். எங்கள் ஒத்திகையில் ‘காய்ச்சல் எத்தனை நாளாக’ என்ற கட்டத்தில் விரல் நின்றது. நேற்று ராத்திரி வந்த காய்ச்சல் பூஜ்யமா ஒன்றா? காய்ச்சல் வந்த நாளை 1 என்று வைப்பதாகக் கேள்விக்குக் கீழேயே எழுதிவிட்டோம். முடிந்தால் இன்னும் பத்துப் பேருக்கு நீங்களும் சிஸ்டரும் தனித்தனியாக நிரப்பி ஒப்பிடுங்கள். எங்கே இருவரும் வேறுபடுகிறீர்களோ அங்கே கேள்வியில்தான் கோளாறு.

யாரைச் சேர்ப்பது, எத்தனை பேர்?

நேரம் கிடைக்கும்போது நிரப்பலாம் என்று விடுவதுதான் பெரிய ஆபத்து. நேரம் கிடைப்பது கூட்டம் இல்லாதபோது. கூட்டம் இல்லாதபோது வருகிறவர் வீட்டிலிருக்கும் பெரியவர். மாலை ஆறு மணி நெரிசலில் வருகிறவர் வேலை முடிந்து, வழியில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, கேட்காததால் வருகிறவர். அவரை விட்டுவிட்டால் நாம் தேடும் ஆளையே விட்டுவிட்டோம். அதனால் முன்கூட்டியே விதி வையுங்கள்: தகுதியுள்ள எல்லோரும், அல்லது காய்ச்சலுக்கு வரும் ஒவ்வொரு மூன்றாவது ஆள். டோக்கன் நோட்டில் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மாலையில் புள்ளிகளையும் பதிவுகளையும் எண்ணினால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று தெரியும்.

எண்ணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். விகிதம் எவ்வளவு இருக்கும் என்றே தெரியாவிட்டால் 50 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 95 சதவீத நம்பிக்கையில், விடை மேலும் கீழும் 5 புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும் என்றால் 385 பேர் வேண்டும். 7 புள்ளிகள் போதும் என்றால் 196 பேர். 10 புள்ளிகள் என்றால் 97 பேர். முதல் ஆய்வுக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காய்ச்சலுக்குப் பருவம் உண்டு. ஐப்பசி மழையில் மட்டும் சேர்த்த 200 பேரை வைத்து வருடம் முழுவதையும் பேச முடியாது. எந்த மாதங்களில் சேர்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரம்

போனில் அனுப்பாமல் தங்கிய பதிவுகளை அனுப்புங்கள். கோபோவில் ‘டேட்டா’ பக்கத்துக்குப் போய் எக்செல் கோப்பாக இறக்குங்கள். எக்செல்லுக்குப் பதில் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், எக்செல்லின் ‘டேட்டா’ பகுதி வழியாக யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். இறக்கிய கோப்புக்குத் தேதியோடு பெயர் வைத்து, அதைத் தொடாமல் வையுங்கள். திருத்தம் எல்லாம் நகலில்தான். இன்னொரு நகல், கடவுச்சொல் போட்டு, வேறொரு இடத்தில்.

பிறகு தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் பாருங்கள். நான் சொன்ன ஒரு நிமிடம் உண்மையில் ஒரு நிமிடமாக இருக்கிறதா என்று இங்கே தெரியும். மூன்று நிமிடமாகிறது என்றால் ஏதோ ஒரு கேள்வி சிரமப்படுத்துகிறது. பத்து விநாடியில் முடிகிறது என்றால் யாரும் கேட்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வரிசையாக எட்டுப் பதிவுகள் இருந்தால் அவை நினைவிலிருந்து எழுதியவை. அப்படிப் பார்த்தால் சிஸ்டரிடம் கோபப்படாமல், எந்த நேரத்தில் முடியாமல் போகிறது என்று கேளுங்கள். பல நேரங்களில் போன் சார்ஜ் இல்லாதது போன்ற எளிய காரணம்தான் இருக்கும். சார்ஜர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

நடுவில் படிவத்தை மாற்ற ஆசை வரும். முடிந்தவரை வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் புது விடையைப் பட்டியலின் கடைசியில் சேருங்கள், பழைய விடையின் குறியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள், ஏன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அட்டவணை

200 பேர் சேர்ந்ததும் நிறுத்துங்கள். அன்றைய கோப்புதான் இறுதிக் கோப்பு. கணக்குக்கு ஜமோவி என்ற இலவச மென்பொருள் போதும். முதல் அட்டவணையில் வந்தவர்களின் வயது, பாலினம், காய்ச்சல் நாட்கள். இரண்டாவதில் நம் கேள்விக்கான விடை. உதாரணத்துக்கு 200 பேரில் 60 பேர் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் 30 சதவீதம், அதன் எல்லை (95 சதவீத நம்பிக்கையில்) ஏறக்குறைய 24 முதல் 36 வரை. எல்லையைச் சொல்லாமல் 30 என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘பெயர் தெரியவில்லை’ என்ற கூட்டம் பெரிதாக இருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. அவர்களில் யாரும் ஆன்டிபயாடிக் எடுக்கவில்லை என்றால் இவ்வளவு, எல்லோரும் எடுத்திருந்தால் இவ்வளவு என்று இரண்டு எண்களையும் கொடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்தின் அளவே தனிச் செய்தி. தான் விழுங்குவது என்னவென்று தெரியாமல் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அது சொல்கிறது.

கடைசி வரிசையையும் போடுங்கள்: நாம் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினோம், அதில் ‘வாட்ச்’ வகை எத்தனை. மெடிக்கலின் கணக்கை எடுக்கிறவர் தன் கணக்கையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கிளினிக் போனில் அனுப்பாத பதிவு ஏதும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டுச் செயலியை நீக்குங்கள். சர்வரில் இருக்கும் பதிவுகளையும் எண் நோட்டையும் கமிட்டிக்குச் சொன்ன தேதி வரை வைத்திருந்து, அந்தத் தேதியில் இரண்டையும் அழித்துவிட்டு, அழித்த விவரத்தை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆய்வுக் கோப்பில் வையுங்கள்.